காது நின்ற யானை

காட்டு மிருகங்களைப் படம் எடுப்பவர்கள் பொறுமைசாலிகள் என்று ஒரு பேச்சு இருக்கிறது. சேற்றில் படுத்துக் கிடப்பார்களாம், அட்டை கடிக்குமாம், ஒரு புலிக்காக இருபது நாள் காத்திருப்பார்களாம். நான் வேலை பார்த்த மூன்று வருடத்தில் அப்படி ஒருவரையும் பார்த்ததில்லை. என் வாடிக்கையாளர்கள் அவரவர் வீட்டில் இருந்தார்கள். காலில் கம்பளிச் செருப்பு, கையில் காபி. பிரேசில் சதுப்பில் ஜாகுவார், தான்சானியாவில் சிறுத்தை, ஆனைமலையில் யானை. உலகம் முழுக்க நாற்பத்தோரு காடுகளில் எங்கள் கம்பெனியின் கேமராக்கள் மரத்திலும் பாறையிலும் ஒட்டிக்கொண்டிருந்தன. உட்கார்ந்த இடத்திலிருந்தே அவற்றைத் திருப்புவார்கள், குவிப்பார்கள், எடுப்பார்கள். படத்துக்குக் கீழே அவர்கள் பெயர் வரும். அதற்கும் கீழே 'இயற்கையான வாழிடத்தில்' என்று வரும்.

மிருகத்தை நிறுத்துவது என் வேலை.

கம்பெனி பெயர் தூரவிழி. கோயம்புத்தூர் பீளமேட்டில் ஏழாவது மாடி. இன்ஜினியரிங்கை மூன்றாம் வருடத்தில் விட்டவனுக்கு வேறு எங்கே நாற்காலி கிடைக்கும்? இரண்டு வருடம் ராத்திரி ஷிப்டில் பிரேசிலைப் பார்த்தேன். அங்கே பகல் என்றால் இங்கே ராத்திரி. பிறகு ஆனைமலைக்கு மாற்றினார்கள். காலை ஐந்தரையிலிருந்து பதினொன்று.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சூப்பர்வைசர் சென்னியப்பன்தான் சொல்லிக் கொடுத்தார்.

"கழுத்துக்குள்ள அரிசியாட்டம் ஒரு சில்லு இருக்குது தம்பி. ஊசில போட்டது. தண்டவாளத்துல யானை அடிபட்டுச் சாகுதேன்னு கண்டுபுடிச்சாங்க. ரயில் வார நேரத்துல அமுக்குனா யானை அப்படியே நின்னுக்கும். ஆறு செகண்டு. அதுக்கு மேல வெச்சா விழுந்துரும்."

"பிரேசில்லயும் ரயிலுக்குத்தானுங்களா?"

"அங்க ரோட்டுக்கு."

"நம்ம கேமரா இருக்கிற பக்கம் ரயிலும் இல்ல, ரோடும் இல்லீங்களே."

"கஸ்டமர் இருக்காருல்ல?" என்றார் சென்னியப்பன். பக்கத்து சீட்டுக்காரன் சிரித்தான். நானும் சிரித்தேன்.

"அதுக்கு வலிக்குமாங்க?"

"ஃபாரத்துல வலிக்காதுன்னு போட்டிருக்குது."

படப்போட்டிகளுக்கு விதிகள் உண்டு. இரை வைத்து வரவழைக்கக் கூடாது. கூண்டு மிருகம் கூடாது. கம்ப்யூட்டரில் ஒட்டக் கூடாது. நிறுத்தக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. நிறுத்த முடியும் என்று விதி எழுதியவர்களுக்குத் தெரியாது. எங்கள் ரசீதில் அதற்கு 'படத் தெளிவு உதவி' என்று பெயர்.

எங்களுக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு. படத்துக்குள் மனிதனோ மனிதனின் பொருளோ இருக்கக் கூடாது. பட்டனை அமுக்குவதற்கு முன் திரையை ஒருமுறை நான்கு மூலையும் பார்த்து "ஃபிரேம் கிளீன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒரு வரிசையில் பன்னிரண்டு பேர். கோயிலில் அர்ச்சனை மாதிரி காலை முழுக்க அந்தச் சத்தம்தான். வாடிக்கையாளர் பார்க்கும் அதே படச் சட்டத்தைத்தான் நாங்களும் பார்த்தோம். அதற்கு வெளியே என்ன இருக்கிறது என்று காட்ட எங்களிடம் எதுவும் இல்லை. நாங்களும் கேட்டதில்லை.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறு நாற்பத்திரண்டு. வால்பாறை பக்கம் மஞ்சமலை எஸ்டேட்டில் ஒன்பதாம் நம்பர் கேமரா. சதுப்பிலிருந்து சோலைக்கு ஒரு கொம்பன் ஏறிக்கொண்டிருந்தது. எங்களுக்கு அது பதினேழாம் நம்பர். பின்னால் வெயில், காலடியில் பனி. நார்வேயில் ஹால்வர்சன் என்கிற ஓய்வுபெற்ற பல் டாக்டர் லைனில் இருந்தார். நல்ல மனிதர். என் பெயரைப் பூபதி என்று சரியாகச் சொல்ல ஒரு மாதம் பழகினார். யானைகளுக்காக ஏதோ சங்கத்தில் உறுப்பினர் வேறு.

சட்டத்தின் இடது ஓரத்தில் கொஞ்சம் நீலம் தெரிந்தது. தேயிலை பறிக்கிறவர்கள் ஈரம் படாமல் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் பிளாஸ்டிக் தாள். ஹால்வர்சன் கேமராவை ஒரு மயிரிழை வலப்பக்கம் திருப்பினார். நீலம் போய்விட்டது.

"ஃபிரேம் கிளீன்" என்றேன். அமுக்கினேன்.

யானை நின்றது. விரிந்த காது விரிந்தபடி நின்றது. வெயில் காதுக்குள் புகுந்து நரம்பு நரம்பாகத் தெரிந்தது. ஹால்வர்சன் பதினெட்டுப் படம் எடுத்தார். "நன்றி பூபதி" என்றார். நான் டீ குடிக்கப் போனேன்.

பதிமூன்று நாள் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. 'புருஷனை யானைக்குக் கொடுத்த பொம்பளை' என்று தலைப்பு. தேயிலைக்கு நடுவே யாரோ போனில் எடுத்தது. மேட்டில் ஒரு யானை போகிறது. சரிவில் நீலத்தாள் கட்டிய ஒரு ஆள் செடியோடு செடியாக அசையாமல் நிற்கிறான். யானை போய்க்கொண்டே இருக்கிறது. திடீரென்று நிற்கிறது. உடனே ஒரு பொம்பளைக் குரல் அலறுகிறது: "ஓடு! தாவீது, ஓடு!" அவன் ஓடுகிறான். கொஞ்ச நேரம் யானை நிற்கிறது. பிறகு அசைகிறது. ஓடுகிறவனைப் பார்க்கிறது. மிச்சத்தை நான் எழுதப்போவதில்லை. இரண்டு லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். போற யானையைச் சீண்டிவிட்டாள், கள்ளக்காதலாக இருக்கும், இவளைத் தூக்கில் போடு. இப்படி நானூறு பேர் எழுதியிருந்தார்கள்.

நான் அந்த யானையின் காதைத்தான் பார்த்தேன். சும்மா நிற்கிற யானைக்குக் காது ஆடிக்கொண்டே இருக்கும். இதற்கு ஆடவில்லை. திரும்ப ஓட்டி எண்ணினேன். ஆறு விநாடி. மறுபடி எண்ணினேன். ஆறு.

சென்னியப்பனிடம் போனைக் காட்டினேன்.

"பாத்தேன்" என்றார்.

"இது நம்ம பதினேழுங்க. நான் அமுக்குனது."

"ஃபிரேம் கிளீனா இருந்துச்சா, இல்லியா?"

"இருந்துச்சு. ஆனா..."

"அப்பறம் என்ன ஆனா? உம்பட வேலைய நீ சரியா செஞ்சிருக்கற. வெளிய நிக்கறவனுக்கெல்லாம் நாம பொறுப்பா? அவனுக காட்டுக்குள்ள போயி ஊரக் கட்டிட்டு..."

"நூறு வருசத்துக்கு முன்னாடி போட்ட எஸ்டேட்டுங்க அது."

"சரி. அப்ப ஏன் ஓடுனான்? யானையப் பாத்து ஓடலாமா? சின்னப் புள்ளைக்குத் தெரியும்."

அதை அங்கே போய்த்தான் கேட்க வேண்டும். கையில் இருந்த ஹெட்செட்டை அவர் மேஜையில் விட்டெறிந்தேன். இனி வரமாட்டேன் என்றேன். படியில் இறங்கும்போது ரொம்பப் பெரிய காரியம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்போடுதான் பொள்ளாச்சியில் பஸ் மாறி, நாற்பது கொண்டை ஊசி வளைவும் ஏறி, மஞ்சமலைக்குப் போய் இறங்கினேன்.

எடை போடும் கொட்டகையில் சாயங்கால எடை முடிந்திருந்தது. பெண்கள் கூட்டமாக ஒரு பக்கம் நின்றார்கள். இந்தப் பக்கம் ஒருத்தி மட்டும் காலி மூட்டையை மடித்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். ரப்பர் பூட்ஸ், தலையில் துண்டு. யாரும் சொல்லாமலே தெரிந்துவிட்டது. எஸ்தர்.

"யாரு நீ? பேப்பர்காரனா?"

"இல்லக்கா."

"பின்ன வீடியோ பாத்துட்டு மூஞ்சியப் பாக்க வந்தியாக்கும். பாத்துக்கோ. போட்டோ வேணும்னா அதும் எடுத்துக்கோ."

"உங்க வீட்டுக்காரர் எதுக்காக ஓடுனார்னு கேக்க வந்தேன்க்கா. நீங்க ஏன் ஓடுன்னு சொன்னீங்க?"

முகத்தில் அறையப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் மூட்டையைக் கீழே வைத்தாள். "பதிமூணு நாளா ஒரு நாயி அதக் கேக்கல. ரேஞ்சரு கேக்கல, போலீசு கேக்கல, மாமியாகாரி கேக்கல. ஏன் சொன்னேன்னு மட்டும் ஒருத்தனும் கேக்கல" என்றாள். "காது ஆடிச்சின்னா யானை அதுஞ்சோலியப் பாக்குது. நீ அசையாம நின்னா போதும், போயிரும். காது நின்னுச்சின்னா உன்னப் பாத்துட்டு. அதுக்கப்புறம் நின்னேன்னா செத்த. சரிவுல எறங்கி ஓடணும். எங்க அப்பன் காலத்துல இருந்து இந்த மலையில இதான். புதுசா ஆளு வந்தா, இப்ப ஜார்க்கண்டுல இருந்து வர்ற பிள்ளைகளுக்குக்கூட, காலையில பெரட்டுல ஆளெடுக்கும்போதே நாந்தான் சொல்லிக் குடுப்பேன். மொட்டைவாலனுக்குக் காது நின்னுச்சி. நான் பாத்தேன். ஓடுன்னேன்."

அந்த யானைக்கு அங்கே மொட்டைவாலன் என்று பெயர் இருப்பது எனக்கு அப்போதுதான் தெரியும்.

சொன்னேன். சில்லு, பட்டன், ஆறு விநாடி, ஒன்பதாம் நம்பர் கேமரா, நார்வே பல் டாக்டர், நீலத்தாள், எல்லாவற்றையும். நடுவில் ஒரு கேள்வி மட்டும் கேட்டாள்.

"காதுமா நிக்கும்?"

"காதும் நிக்கும்க்கா. எல்லாமே நிக்கும். அது உங்களப் பாத்து நிக்கல. அதுவா நிக்கவே இல்ல."

எடைத் தராசின் பலகையில் உட்கார்ந்தாள். முள் ஏறி ஆடி நின்றது.

"இங்க எத்தன தடவ அமுக்கிருக்க?"

"முந்நூறு இருக்கும்."

"முந்நூறு" என்றாள். "போன வருஷத்துல இருந்து இந்த மலை யானைகளுக்குக் கிறுக்கு புடிச்சிட்டுன்னு பேசிக்கிட்டோம். சும்மா சும்மா நிக்குது, சும்மா சும்மா ஓடுறோம். சுகந்தி விழுந்து கால முறிச்சா. ஒருத்திக்குக் கரு கலஞ்சிட்டு. எல்லாம் நீதானா?"

"நானும், இன்னும் ரெண்டு பேரும்."

அழுவாள் என்று காத்திருந்தேன். மன்னிப்பாள் என்று கூட உள்ளுக்குள் எங்கோ காத்திருந்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

"வேலைய விட்டுட்டேன்க்கா" என்றேன்.

"விட்டுட்டியா?" நிமிர்ந்தாள். "இப்ப அந்த நாக்காலில யாரு?"

"புதுசா சேந்த ஒரு பொண்ணு இருக்கா. அவளத்தான் போடுவாங்க."

"அவளுக்கு இந்தக் காது விஷயம் தெரியுமா?"

"தெரியாது."

"பின்ன என்ன மயித்துக்குலே விட்ட?"

கொட்டகைக்கு அந்தப் பக்கம் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குரலைத் தாழ்த்தவில்லை. "மனசு சுத்தமாச்சோ? கைய கழுவிட்டு மலையேறி வந்துட்டான். ஏலே, நாளைக்குக் காலையில அதே எடத்துல நாங்க நிக்கணும். அமுக்குறவளுக்கு ஒரு எழவும் தெரியாது. உனக்காவது இப்பத் தெரியும்."

"நான் சாட்சி சொல்றேன்க்கா. எழுதித் தரேன். உங்க மேல தப்பில்லன்னு..."

"சொன்னா நிறுத்திருவாங்களா?"

"கேஸ் நடக்கும். ரெண்டு மூணு வருஷம்."

"அதுவரைக்கும்?"

அந்தப் பக்கம் நின்ற பெண்களைப் பார்த்தேன்.

"இவங்ககிட்டயாவது சொல்லிரலாம்க்கா. காது நின்னா ஓட வேண்டாம்னு."

"நெசமாவே பாத்துட்டு நின்னா? எந்தக் காது உன்னுது, எந்தக் காது யானையோடதுன்னு நான் எப்படிச் சொல்ல? எதையாவது ஒண்ண நம்பித்தான ஆளு காட்டுல நிக்க முடியும். அதத்தான் நீங்க எடுத்துட்டீங்க." துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தாள். "திரும்பப் போ. கால்ல விழுந்தாவது அதே சீட்ட வாங்கு. எங்கிட்ட போன் இருக்கு. ஒம்பதாம் நம்பர் பக்கம் எங்க ஆளு நின்னா உனக்கு ஒரு மிஸ்டு கால் குடுப்பேன். வந்துச்சின்னா அமுக்கக் கூடாது. என்ன பொய்யாவது சொல்லிக்கோ."

"திரும்ப எடுக்கணும்னா எதுலயாவது கையெழுத்து கேப்பாங்க. அன்னைக்கு அமுக்கவே இல்லன்னு. அப்பறம் உங்க பேரு..."

"எம்பேர வச்சி என்ன செய்ய? ஊறுகாயா போட? போ. கடைசி பஸ்சு போயிரும்."

அவள் சொன்னபடியே திரும்பப் போனேன். சென்னியப்பன் என்னை அரை நாள் வாசலில் நிற்க வைத்தார். பிறகு ஒரு தாளை நீட்டினார். அன்று காலை ஆறு நாற்பத்திரண்டுக்குப் பதினேழாம் நம்பருக்கு எந்த உதவியும் தரப்படவில்லை, அது தானாகவே நின்றது, ஒரு நபர் ஓடியதால் துரத்தியது. கீழே என் பெயரும் பணியாளர் எண்ணும் ஏற்கெனவே அச்சாகியிருந்தன.

"நெனச்சேன். வருவீன்னு" என்றார். கையெழுத்துப் போட்டேன்.

ஆறு வாரம் ஓடியது. என் போனில் சத்தம் வராது, தொடையில் ஒருமுறை அதிரும். அதிர்ந்தால் "சிக்னல் இல்லை சார், மன்னிக்கணும்" என்பேன். யானை தன் பாட்டுக்கு நடந்துபோகும். அதிராத நாளில் அமுக்கினேன். ஆமாம், அமுக்கினேன். நாற்காலி வேண்டுமே. ஹால்வர்சன் மட்டுமே பதினோரு படத்தை இழந்தார். அவர் திட்டவில்லை. வருத்தப்பட்டார். வருத்தப்படுகிற வாடிக்கையாளர்தான் புகார் எழுதுவார்.

ஏப்ரலில் ஒரு காலை சென்னியப்பன் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். போட்டிக்கு அதுதான் கடைசி வாரம். திரையில் ஒன்பதாம் நம்பர். அதே மேடு, அதே வெயில். சதுப்பிலிருந்து மொட்டைவாலன் ஏறி வந்தது. காது ஆடிக்கொண்டிருந்தது. சட்டத்தில் மனித வாடையே இல்லை.

தொடையில் அதிர்ந்தது.

"சிக்னல் இல்லீங்க" என்றேன்.

"எங்க இல்ல? நாலு கட்டை காட்டுது" என்றார். அவர் கை பட்டனுக்கு வந்தது. "தள்ளு. நான் அமுக்கறேன்."

போனை எடுத்து அவர் முன்னாலேயே எஸ்தரைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள். "அக்கா, அமுக்கப் போறாங்க. காது நிக்கும். அது நாங்க. யாரும் ஓட வேண்டாம். எல்லாரையும் நிக்கச் சொல்லு!"

"யாருகிட்டடா பேசற?" என்ற சென்னியப்பன் அமுக்கிவிட்டார்.

யானை நின்றது. காது நின்றது. ஹால்வர்சனின் கேமரா படபடவென்று அடித்தது. போனில் எஸ்தரின் குரல் மலையே கேட்கிற மாதிரி வந்தது. "நில்லு! ஒருத்தியும் ஓடாதீங்க! அசையாதீங்கடி! நான் சொல்லுதேன், நில்லுங்க!" வேறொரு குரல், "காது நின்னுட்டுடி, பாவி!" என்றது. "நின்னா நிக்கட்டும். சரசு, கால எடுத்த, வெட்டிப்போடுவேன்! நில்லு!"

நான் எண்ணவில்லை. திரையை மட்டும் பார்த்தேன். காது ஒருமுறை சிலிர்த்தது. பிறகு ஆடியது. யானை தும்பிக்கையைத் தூக்கி எதையோ மோந்தது. இடப்பக்கம் பார்த்தது. சட்டத்துக்கு வெளியே, எனக்குத் தெரியாத இடத்தை. நெடுநேரம் பார்த்தது. பிறகு சோலைக்குள் ஏறிப் போனது.

போனில் மூச்சுவிடும் சத்தம், ஒருத்தி விசும்புவது, ஒருத்தி ஏசுவே ஏசுவே என்பது, யாரோ அழுகையோடு சிரிப்பது. யாரும் ஓடவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. லைனை வெட்ட மனமில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தச் சிரிப்பெல்லாம் அடங்கிய பிறகு ஒரு குரல் நிதானமாகக் கேட்டது. சரசுவாக இருக்கலாம்.

"காது நின்ன யானைக்கு நில்லுன்னு உனக்கு எப்படித் தெரியும் எஸ்தரு?"

அந்தக் குரல் விடவில்லை.

"இல்ல, கேக்கேன். இன்னைக்கு ஓடாதன்னு தெரியுதுல்லா. அப்ப அன்னைக்கு உம் புருஷன மட்டும் ஏன் ஓடச் சொன்ன?"

லைன் அறுந்தது.

திரையில் ஹால்வர்சனின் செய்தி வந்திருந்தது. அற்புதம், மனிதன் கால் படாத இடம், மிக்க நன்றி. சென்னியப்பன் அதைப் படித்துவிட்டு என் தோளைத் தட்டினார். நாற்காலி போய்விட்டது என்று எழுந்து நின்ற என்னை அழுத்தி உட்கார வைத்தார்.

"இத நீ முன்னாடியே சொல்லியிருக்கலாமல்லோ? அங்க ஒரு பொம்பள இருந்துட்டு ஆளுகள நிக்க வெச்சுட்டா நமக்கு ஜோலி சுலுவு. சிக்னல் போச்சுன்னு பொய் சொல்ல வேண்டியதில்ல பாரு. தெனமும் கூப்புட்டுச் சொல்லீரு. மேல பேசறேன்."

ஐந்து தடவை கூப்பிட்ட பிறகு எஸ்தர் எடுத்தாள். காற்றுச் சத்தம். தூரத்தில் கத்திரிகள் இலை வெட்டும் சத்தம்.

"அக்கா, நாளைக்கு நான் வரேன். பெரட்டுல எல்லார் முன்னாடியும் நின்னு சொல்றேன். அமுக்குனது நான்னு."

"பேப்பர்ல என்னன்னு கையெழுத்துப் போட்ட?"

"அமுக்கலன்னு."

"பின்ன யாரு நம்புவா? நான் புடிச்சிட்டு வந்த ஆளும்பாளுவ. அந்தக் கள்ளக்காதலன் இவந்தாம்பாளுவ."

"அதுக்காக அப்படியே விட்டுர முடியுமாக்கா? நீங்க என்ன..."

"நாளைக்கு எத்தன மணிக்கு சீட்டுக்கு வருவ?"

"அஞ்சரைக்கு."

"வா. வந்து உக்காரு. அவளுவ பன்னெண்டு பேரு மேல் வரிசையில நிப்பாளுவ. என்னக் கூட நிக்க விட மாட்டாளுவ, நான் கீழ தனியாத்தான் நிப்பேன்." மூச்சு வாங்கினாள். "அதனால என்ன. எஞ்சத்தம் அங்க வரைக்கும் கேக்கும்."